மூன்றாவது கை
மடக்குப் பட்டறை மேசையைப் பற்றிய ஒரு பாடம்

மாணவர்களே! ஒரு பலகையை அறுப்பதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ரம்பத்தை இயக்க ஒரு கை வேண்டும். பலகை நகராமல் அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். அறுபடும் துண்டு ஒடிந்து விழாமல் தாங்குவதற்கு மேலும் ஒரு கை வேண்டும். இயற்கை நமக்கு அளித்தவையோ இரண்டு கைகளே. அந்த மூன்றாவது கையைத் தேடி மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளான். அம்முயற்சியில் பிறந்த ஒரு பொருளைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். வீட்டில் சிறு தச்சு வேலை செய்வோர் பயன்படுத்தும் மடக்குப் பட்டறை மேசையே அப்பொருள். விரித்தால் மேசை, திருகினால் இடுக்கி, மடக்கினால் கதவின் பின்னால் சாத்தி வைக்கத்தக்க ஒரு சட்டம்.

இதனை முற்றிலும் புதிய கருத்து என்று கொள்ள வேண்டா. நம் சமையலறைக்குள் சென்று அரிவாள்மணையைப் பாருங்கள். கத்தியைக் கொண்டு காய் நறுக்கும்போது ஒரு கை கத்தியைப் பிடிக்கிறது. மறு கை காயைப் பிடிக்கிறது. அரிவாள்மணையிலோ கத்தி மணையோடு பொருத்தப்பட்டுள்ளது. மணையின்மேல் அமர்வோரின் உடல் எடை, அல்லது அதன்மேல் ஊன்றிய கால், அதனை அசையாமல் நிறுத்துகிறது. ஆகவே இரு கைகளும் காய்க்கே உரியவையாகின்றன. தேங்காய் துருவும் மணையும் அவ்வாறே. உடல் எடையைக் கொண்டு கருவியை நிறுத்தி வைத்தல் என்னும் இந்த நுட்பத்தை நம் பாட்டியர் நாள்தோறும் கையாண்டனர். அதற்கு அவர்கள் பெயர் எதுவும் சூட்டவில்லை, அவ்வளவுதான்.

நம் தச்சர்களும் மூன்றாவது கைக்குத் தம் கால்களையே பயன்படுத்தினர். தரையில் அமர்ந்து, ஒரு பாதத்தால் பலகையை அழுத்தி, மற்றொரு பாதத்தின் விரல்களால் அதன் விளிம்பைப் பற்றி, உளியால் செதுக்குவதையும் இழைப்புளியால் இழைப்பதையும் இன்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காணலாம். இதனைத் தாழ்ந்த முறை என்று கருதுவோர் உளர். அக்கருத்து சரியன்று. பாதம் மரத்தின் நடுக்கத்தை உணர்கிறது; எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கிறது. எந்த இரும்பு இடுக்கிக்கும் அவ்வுணர்வு கிடையாது. மேலைநாட்டார் வேறு வழியை நாடினர். அவர்கள் நின்றுகொண்டு வேலை செய்தமையால், பலகையைப் பிடிக்கும் பொறுப்பை மேசையிடம் விட்டனர். கி.பி. 79இல் எரிமலைச் சீற்றத்தில் புதையுண்ட ஹெர்குலேனியம் என்னும் உரோமானிய நகரில் அகழ்ந்து கண்ட ஓர் ஓவியத்தில், மேசையோடு சேர்த்து இறுக்கிய பலகையை இருவர் அறுக்கும் காட்சி உள்ளது. ஆக, பிடிக்கும் மேசையின் வயது இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது.

அவ்வாறாயின் கால்களே போதுமே, மேசை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கைரம்பமும் உளியும் மட்டுமே இருந்த காலத்தில் அக்கேள்வி பொருந்தும். கைரம்பம் நம் விருப்பப்படி ஓடும். நாம் நிறுத்தினால் நிற்கும். மின்சார வட்ட ரம்பம் அத்தகையதன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்ட ரம்பம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,000 முறை சுழலும். ஒரு நொடிக்கு 83 சுற்று. பலகை நழுவியதை நம் கண் கண்டு, மூளை அறிந்து, கை அசைவதற்குக் கால் நொடியாவது ஆகும். அந்தக் கால் நொடிக்குள் ரம்பம் 20 முறை சுற்றிவிடும். அதற்கு 24 பற்கள் இருப்பின், 480 பற்கள் அவ்விடத்தைக் கடந்து செல்லும். அந்த இடத்தில் ஒரு பாதமோ விரலோ இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மின்கருவி வீட்டிற்குள் நுழைந்த அன்றே, பிடிக்கும் வேலையிலிருந்து நம் உடல் விலகியிருத்தல் வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இடுக்கி புதிதன்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. செந்தூலில் இருந்த பெரிய இரயில்வே பட்டறையில் தமிழர் பலர் பொருத்துநராகவும் தச்சராகவும் கொல்லராகவும் உழைத்தனர். இன்று அப்பட்டறையின் பணிகள் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்கு மாறிவிட்டன. இரயில்வே பட்டறைகளில் இடுக்கி என்பது கனத்த மேசையில் முடுக்கப்பட்ட வார்ப்பிரும்பு. அதனை வீட்டிற்குக் கொண்டுவர இயலாது. கொண்டுவந்தாலும் வைப்பதற்கு இடம் இராது. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போர், சமையலறைக்கும் கூடத்திற்கும் நடுவே எங்கே ஒரு தச்சு மேசையை நிறுத்துவர்? கிள்ளானில் வரிசை வீட்டில் இருப்போருக்குக் கார் நிறுத்தும் முன்தாழ்வாரம் உண்டு. ஆனால் மாலையில் கார் வந்துவிடும். எனவேதான் பல வீடுகளில் வாசற்படியின் விளிம்பில் பலகையை வைத்து, முழங்காலை ஊன்றி அறுக்கின்றனர். சிலர் பழைய நாற்காலியின்மேல் வைத்து அறுக்கின்றனர்.

நாற்காலியின்மேல் வைத்து அறுத்த ஒருவரால்தான் மடக்குப் பட்டறை மேசை உலகிற்குக் கிடைத்தது என்பது சுவையான செய்தி. அவர் பெயர் ரான் ஹிக்மன். 1932ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநிலத்தில் பிறந்தவர். இங்கிலாந்துக்குச் சென்று கார் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர். லோட்டஸ் நிறுவனம் 1962இல் வெளியிட்ட எலான் என்னும் புகழ்பெற்ற காரின் வடிவமைப்பு அவருடையது. 1961ஆம் ஆண்டு அவர் தம் வீட்டிற்கு ஓர் உடுப்பலமாரி செய்துகொண்டிருந்தார். பட்டறை மேசை இல்லாமையால் விலையுயர்ந்த நாற்காலி ஒன்றின்மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது! பிறராயின் நாற்காலிக்காக வருந்தியிருப்பர். ஹிக்மனோ, இந்த வேலைக்கு என்றே ஒரு மேசை ஏன் இல்லை என்று சிந்திக்கத் தொடங்கினார்.

பல மாதிரிகளைச் செய்து பார்த்து, மேசையின் மேற்பரப்பையே இரண்டாகப் பிளந்து, அவ்விரு பலகைகளையும் இடுக்கியின் இரு தாடைகளாக ஆக்கலாம் என்ற முடிவிற்கு அவர் வந்தார். இந்த ஓர் எண்ணமே அவரது கண்டுபிடிப்பின் உயிர் என்பேன். அதுவரை மேசை வேறு, இடுக்கி வேறு. மேசையின் ஓரத்தில் இடுக்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஹிக்மன் செய்த மேசையில், மேசை முழுவதுமே இடுக்கி.

அதனைத் தயாரித்து விற்குமாறு அவர் கருவி நிறுவனங்கள் பலவற்றை அணுகினார். ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. ஸ்டான்லி நிறுவனம், இம்மேசை டஜன் கணக்கில் விற்குமேயன்றி நூற்றுக்கணக்கில் விற்காது என்று கருதியது. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனமும் முதலில் வேண்டாம் என்றே சொன்னது. ஹிக்மன் 1968இல் தாமே தயாரித்து, விளம்பரத்தின் வழியாக நேரடியாக விற்கத் தொடங்கினார். மேசை விற்றது. சில ஆண்டுகளில், முன்பு மறுத்த பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனமே வந்து உரிமம் பெற்று, 1973இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 'வொர்க்மேட்' என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது. பிறர் அதனை நகல் செய்தபோது ஹிக்மன் நீதிமன்றம் ஏறித் தம் உரிமையைக் காத்தார். 2011ஆம் ஆண்டு ஜெர்சித் தீவில் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ 3 கோடி மேசைகள் விற்றிருந்தன. மறுத்த நிறுவனங்களை நாம் எள்ள வேண்டா. மேசையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது விந்தையான மடக்கு மேசையாகத் தோன்றியிருக்கும். நாற்காலியை அறுத்தவருக்கே அதன் தேவை புரிந்தது. இன்று பல நிறுவனங்கள் இவ்வகை மேசைகளைச் செய்கின்றன. வன்பொருள் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் கிடைக்கும்.

இனி அதன் அமைப்பைக் காண்போம். இரும்புக் குழாயாலும் தகட்டாலும் ஆன மடக்குக் கால்கள் கீழே உள்ளன. மேலே நீண்ட இரு பலகைகள் உள்ளன. இவையே தாடைகள். ஒன்று அசையாதது, மற்றொன்று முன்னும் பின்னும் நகர்வது. நகரும் தாடையின் இரு முனைகளிலும் தனித்தனியே ஒரு திருகுத்தண்டும் கைப்பிடியும் உண்டு. இரண்டையும் சமமாகத் திருகினால் தாடைகள் நேராக நெருங்கும். ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் திருகினால், தாடை சாய்ந்து நிற்கும். ஒரு முனை தடித்தும் மறு முனை மெலிந்தும் இருக்கும் நாற்காலிக் காலைப் பிடிக்க இச்சாய்வு உதவும். சாதாரண இடுக்கியால் இதனைச் செய்ய இயலாது.

தாடைகளின் மேற்பரப்பில் வரிசையாகத் துளைகள் உண்டு. அவற்றில் நெகிழியாலான முளைகளைச் செருகலாம். தாடைகளின் இடைவெளிக்குள் நுழையாத அகன்ற பலகையை மேலே கிடத்தி, நான்கு முளைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கலாம். பல மேசைகளில் தாடையின் உள்விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். குழாயும் உருண்டைக் கழியும் உருளாமல் அதில் அமரும்.

கையால் மெல்லத் திருகும் ஒரு திருகு இவ்வளவு வலிமையாகப் பிடிப்பது எவ்வாறு? ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கைப்பிடி, தண்டின் நடுவிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகக் கொள்வோம. ஒரு முழுச் சுற்றில் நம் கை செல்லும் தொலைவு 2 × 22/7 × 7 = 44 சென்டிமீட்டர்; அதாவது 440 மில்லிமீட்டர். அச்சுற்றில் தாடை நகர்வதோ ஒரு புரியின் இடைவெளி மட்டுமே. அது 4 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 440ஐ 4ஆல் வகுத்தால் 110. நம் கை 110 மடங்கு தொலைவு செல்வதால், உராய்வே இல்லையெனில் தாடை 110 மடங்கு வலிமையோடு அழுத்தும். ஆனால் திருகில் உராய்வு மிகுதி. நான்கில் மூன்று பங்கை உராய்வு விழுங்கிவிட்டதாகக் கொண்டாலும் 27 மடங்கு எஞ்சும். 2 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவுக்கு நாம் கைப்பிடியைத் தள்ளினால், தாடை 54 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்தும். இரு திருகுகளும் சேர்ந்தால் 108. ஒரு பெரிய மனிதர் பலகையின்மேல் ஏறி நிற்பதைவிட இது மிகுதி. உராய்வை வீண் என்றும் எண்ணாதீர்கள். கையை எடுத்த பின்பும் திருகு பின்னோக்கிச் சுழலாமல் நிற்பது அவ்வுராய்வினால்தான்.

பலகையை மேசை பிடித்துக்கொள்கிறது. மேசையை யார் பிடிப்பது? எடை குறைவாக இருப்பதால்தான் இதனை நாம் எளிதில் தூக்குகிறோம். அதே காரணத்தால் ரம்பத்தின் இழுப்புக்கும் தள்ளலுக்கும் இது நகரவும் சாயவும் கூடும். இதற்கு ஹிக்மன் கண்ட வழி, அரிவாள்மணையின் வழியேதான். மேசையின் அடியில் முன்புறம் ஒரு படி உண்டு. வேலை செய்வோர் ஒரு காலை அதன்மேல் ஊன்ற வேண்டும். உடல் எடையின் ஒரு பகுதி மேசையின் அடியில் இறங்குவதால், மேசை தரையோடு ஒட்டி நிற்கும். இந்தப் படியைப் பலர் கவனிப்பதில்லை. கடையிலிருந்து வாங்கிவந்து பல ஆண்டு பயன்படுத்தியும், அது காலுக்கு உரியது என்று அறியாதோரை நான் கண்டிருக்கிறேன்.

மேசையை நிறுத்தும் இடம் முதன்மையானது. நம் வரிசை வீடுகளின் முன்தாழ்வாரத் தரை, மழைநீர் ஓடுவதற்காக வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். வழவழப்பான ஓடு பதித்த தரையாயின் மழைச்சாரலில் வழுக்கும். மேசையை விரித்தவுடன் கால்களின் பூட்டுகள் முழுமையாக விழுந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்பு இரு கைகளாலும் மேசையை ஆட்டிப் பார்த்து, நான்கு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு கால் தொடவில்லையெனில் மேசையைச் சற்றே திருப்பி வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். செங்கல்லை அடியில் வைத்துச் சமன் செய்வது ஆகாது. வேலையின் நடுவே கல் நழுவினால், பிடிப்பே பகையாகிவிடும்.

அறுக்க வேண்டிய கோட்டைத் தாடைக்கு வெளியே, ஆனால் தாடைக்கு அருகில் அமைத்துப் பலகையை இறுக்குக. மூன்று நான்கு விரற்கடைத் தொலைவு போதும். கோடு மிகத் தள்ளியிருந்தால் பலகை அதிரும், ரம்பம் சிக்கும், வெட்டு கோணலாகும். கோட்டை இரு தாடைகளுக்கும் நடுவே வைத்தலோ பெருந்தவறு. அறுபட அறுபட இரு பகுதிகளும் உள்நோக்கி அழுந்தி, ரம்பத்தையே கவ்விக்கொள்ளும். துளையிடும்போது பலகையின் அடியில் வேண்டாத மரத்துண்டு ஒன்றை வைத்தால், தாடையில் துளை விழாது. பலகையின் அடிப்புறமும் சிதறாது.

எவ்வளவு இறுக்குவது என்பது மரத்தைப் பொறுத்தது. மெராந்தி பெரும்பாலும் மென்மையானது. தாடையின் விளிம்பு அதில் எளிதில் தடம் பதிக்கும். இரு பக்கமும் மெல்லிய மரத்துண்டோ கனத்த அட்டையோ வைத்து இறுக்குவது நன்று. ரப்பர் மரம் அதைவிடச் சற்று உறுதியானது. நம் பாட்டனார் பால்வெட்டிய அதே மரந்தான்! பால் வற்றிய முதிய மரங்களை முற்காலத்தில் வெட்டி எரித்தனர். ஏனெனில் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் அதனைக் கெடுத்துவிடும். போரான் உப்புக் கரைசலை மரத்தினுள் ஏற்றி உலர்த்தும் முறை பரவிய பின்னரே, அது மேசை நாற்காலி செய்யத் தகுந்த மரமாயிற்று. கெப்போங்கில் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வன ஆய்வு நிலையத்தார் இம்மரத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்துள்ளனர். உங்கள் வீட்டு நாற்காலி வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்தால், அது ரப்பர் மரமாக இருக்கக்கூடும். பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

அலுமினியக் குழாயை இறுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். உள்ளே வெற்றிடமாக இருப்பதால் அது நசுங்கும். தைப்பூசத்திற்குக் காவடி செய்யும் அன்பர்கள் இதனை நன்கு அறிவர். காவடியின் தோள்கழி உருண்டையானது. அதனைத் தரையில் வைத்துத் துளையிட முயன்றால் உருண்டோடும். துளை நடுவில் விழாது. தாடையின் பள்ளத்தில் அமர்த்தி இறுக்கிவிட்டால், துளைகள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமையும். வளைவுகளைப் பொருத்தும்போது காவடி ஒருபுறம் சாயாமல் நிற்க இது மிகத் தேவை. சுமப்பவர் அக்காவடியோடு பத்துமலையின் படிகளில் ஏற வேண்டும் அல்லவா?

மாணவர்கள் இம்மேசையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? மின்ரம்பமும் மின்துரப்பணமும் பெரியவர்களுக்கு உரியவை. அவை ஓடும்போது நீங்கள் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பலகையைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று பெரியவர் அழைத்தாலும், மேசை பிடித்துக்கொள்ளுமே என்று பணிவோடு சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. உப்புத்தாளால் தேய்த்தல், அரத்தால் விளிம்பை மழுக்குதல், சிறு கைரம்பத்தால் மெல்லிய சட்டத்தைப் பெரியவர் முன்னிலையில் அறுத்தல் ஆகியவற்றைச் செய்யலாம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் இதனைச் சொல்லவில்லை. திருகுக்கு ஆண் கை, பெண் கை என்ற வேற்றுமை தெரியாது. தாடைகள் நெருங்கும்போது அவற்றின் நடுவே விரலை வைக்காதீர்கள். மேலே காட்டிய 108 கிலோகிராம் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். மேசையின்மேல் ஏறி நிற்பதும் கூடாது. அது ஏணியன்று. எவ்வளவு எடை தாங்கும் என்பது பல மேசைகளில் எழுதப்பட்டிருக்கும்.

முதல் பயிற்சிக்கு ஒரு சிரட்டை போதும். வழவழப்பான, உருண்டையான சிரட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பைத் தேய்ப்பது எளிதன்று. அரம் வழுக்கி விரலைக் கீறும். தாடைகளைச் சிறிது விலக்கி, அவ்விடைவெளியில் சிரட்டையின் வயிறு அமருமாறு வாயை மேல்நோக்கி வையுங்கள். தாடைக்கு இரண்டாக நான்கு முளைகளை அதனைச் சுற்றிச் செருகி, இரு கைப்பிடிகளையும் மாறி மாறி மெல்லத் திருகுங்கள். சிரட்டை அசையாமல் நின்றவுடன் நிறுத்திவிடுங்கள். மேலும் இறுக்கினால் வெடிக்கும். இப்பொழுது இரு கைகளாலும் அரத்தைப் பிடித்துத் தேய்க்கலாம். விளிம்பு மழுங்கியபின் பெரியவரைக் கொண்டு இரு துளைகள் இட்டு, மூங்கில் காம்பைச் செருகினால், பொங்கலன்று கிளறுவதற்கு ஓர் அகப்பை கிடைக்கும்.

வேலை முடிந்ததும் மரத்தூளைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். திருகுப் புரியில் தூள் தங்கினால் ஈரத்தை ஈர்க்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. துரு பிடிக்க நெடுநாள் ஆகாது. மாதம் ஒரு முறை தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். பல மேசைகளின் தாடைகள் மரத்துகளை அழுத்திச் செய்தவை, நனைந்தால் ஊதிவிடும். ஆதலால் துணி துவைக்கும் இடத்திலும் கூரையற்ற பின்கட்டிலும் வைக்க வேண்டா. கழற்றிய முளைகளை ஒரு சிறு பையிலிட்டு மேசையின் காலிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மேசையை வைத்திருக்கும் வீடுகளிலெல்லாம் முதலில் காணாமற்போவது முளைதான்.